ஒரு குடியாத்தம் லுங்கியும் மிச்சமில்லாத வெட்டும்

போன வாரம் காட்பாடியிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். நான் போட்டிருந்த டாப்பைத் தொட்டுப் பார்த்து "எங்கக்கா எடுத்த?" என்றாள். லுங்கி என்று சொன்னதும் நம்பவில்லை. கட்டம் போட்ட தலையணை உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினேன், இரண்டும் ஒரே லுங்கிதான். இடையில் குப்பைக்குப் போனது நூல் பிசிறு மட்டும். எப்படி வெட்டினாய் என்று அவள் கேட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வெட்டிய பிறகு மிஞ்சிய துண்டுகளில் மிதியடி செய்வது, பொம்மை செய்வது எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் மிச்சமே வராமல் வெட்டுவது வேறு வேலை, அது கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தரையில் முடிந்துவிடுகிறது. ஆயத்த ஆடைத் தொழிலில் வெட்டும் மேசையிலேயே சுமார் 15 சதவீதம் துணி கழிந்துபோவதாக ஒரு கணக்கு உண்டு. காரணம் வளைவுகள். கழுத்து வளைவு, அக்குள் வளைவு, கையின் மேல்வளைவு, இவற்றுக்கு இடையில் வரும் சந்துத் துணி எதற்கும் ஆகாது.

இதை எனக்கு முதலில் காட்டியது குடியாத்தத்தில் இருக்கும் அத்தை. உள்பாவாடை வெட்டும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள். ஆறு பீஸ் பாவாடையில் ஒவ்வொரு பீஸும் மேலே குறுகி கீழே அகன்று இருக்கும் இல்லையா, அதை ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக என்று மாற்றி மாற்றி அடுக்குவார்கள், ஒன்றின் அகலம் இன்னொன்றின் குறுகலில் போய் உட்கார்ந்துகொள்ளும், நடுவில் துணியே நிற்காது. ஒரே சாய்வுக்கோட்டில் ஒரே வெட்டு, இரண்டு பீஸ். நம் ஊர்த் தையல்காரர்கள் எத்தனையோ காலமாகச் செய்வதுதான். ஜப்பானில் கிமோனோவும் சுமார் 36 சென்டிமீட்டர் அகலமே உள்ள நீளத் துணியை நேர்நேராக வெட்டித் தைப்பதுதான். புடவையில் வெட்டே இல்லை.

சரி, லுங்கிக்கு வருகிறேன். மூட்டாத லுங்கியாக, அதாவது இரண்டு முனையும் சேர்த்துத் தைக்காததாக வாங்க வேண்டும். புது லுங்கியில் கஞ்சி இருக்கும், அதனால் இரண்டு முறை அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும், இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கும். என்னுடையது அலசிய பிறகு நீளம் 78 அங்குலம், பன்னா, அதாவது துணியின் அகலம், 48 அங்குலம் நின்றது. நீளத்தில் சரிபாதியாக வெட்டினால் 39 அங்குல நீளத்தில் இரண்டு பாதி. முதல் பாதியின் பன்னாவில் 20 அங்குலம் முன்பக்கம், 20 அங்குலம் பின்பக்கம், மீதி 8 அங்குலப் பட்டை. அந்தப் பட்டையில் 26 அங்குல நீளம் அளந்து, மூலைக்கு மூலை சாய்வாக ஒரே வெட்டு வெட்டினால் இரண்டு முக்கோணம், டாப்பின் பக்கத் தையலில் பக்கத்துக்கு ஒன்று. அடுத்த 4 அங்குலத்தில் நாலுக்கு நாலு சதுரம் இரண்டு, அது அக்குளுக்கு. கடைசியாக எட்டுக்கு ஒன்பதில் ஒரு துண்டு நிற்கும், அது பாக்கெட். இரண்டாவது பாதியில் 18 அங்குலப் பட்டையை நடுவில் வெட்டினால் இரண்டு கை. மீதி முப்பதுக்கு முப்பத்தொன்பது, மடித்துத் தைத்தால் தலையணை உறை.

கழுத்துக்கு எதையும் வெட்டி எடுக்கவில்லை. தோள் தையலில் நடுவே 8 அங்குலம் தைக்காமல் விட்டுவிட்டு, முன்பக்கம் நேர்கீழாக 7 அங்குலம் கீறி, இரண்டு முனையையும் உள்பக்கம் முக்கோணமாக மடித்து அடித்துவிட்டேன். பின்கழுத்தில் ஓரத்தை மடித்தால் போதும். கீறலின் அடிமுனையில் மட்டும் கையால் நாலைந்து தையல் நெருக்கமாகப் போடுங்கள், அந்த இடம்தான் முதலில் கிழியும்.

அந்த அக்குள் சதுரத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதல் தடவை எதற்கு இது என்று விட்டுவிட்டுத் தைத்தேன். பரண்மேல் இருந்த அண்டாவை எடுக்கக் கையைத் தூக்கினேன், வலது அக்குளில் தையலோடு துணியும் சேர்ந்து கிழிந்தது. வளைவு வெட்டாமல் நேராகத் தைக்கும்போது கை மேலே போக இடம் வேண்டும், அந்த இடத்தைக் கொடுப்பது அந்தச் சின்னச் சதுரம்தான், சாய்வாக உட்காருவதால் துணி கிழியாமல் இழுத்துக் கொடுக்கும். கிழிந்த டாப்பைப் பிரித்துப் பாக்கெட் துண்டிலிருந்தே இரண்டு சதுரம் எடுத்து வைத்தேன், இன்றும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உடம்பை ஒட்டி நிற்கிற டாப் வேண்டுமென்றால் இது ஆகாது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் வேலூர்க் காரை வீட்டில் இருக்கிறவர்களுக்கு உடம்பை ஒட்டாத பருத்தியைப் போல எதுவும் இல்லை, சாயங்காலம் மொட்டை மாடியில் நிற்கும்போது பக்கத்தில் வைத்த முக்கோணத் துண்டு வழியாகக் காற்று ஏறும்.

மேலே சொன்ன அளவு மார்பு 36 வரைக்கும் சரியாக இருக்கும். அம்மாவுக்கு 42, அதனால் கணக்கை மாற்றினேன். முன்பக்கமும் பின்பக்கமும் 23, 23. முதல் பாதியில் 2 அங்குலப் பட்டை மட்டும் மீதி. எட்டங்குலப் பட்டையை இரண்டாவது பாதியிலிருந்து எடுத்தேன், கைக்கு அதே 18. அப்புறம் நிற்பது 22 அங்குல அகலம், தலையணை உறைக்குப் போதாது, ஆனால் மடித்தால் நல்ல பை. அந்த 2 அங்குலப் பட்டையை நீளவாக்கில் நாலாக மடித்து அடித்து, நடுவில் வெட்டினால் இரண்டு பிடி. அம்மா டாப்பை இன்னும் வெளியில் போட்டுப் போகவில்லை, பையை மட்டும் மறுநாளே மார்க்கெட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.