சர்வதேச மக்கள் தொடர்பு பேப்பர்: பண்பாட்டைக் கடைசியில் எழுதுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. போன தடவை 38, இந்தத் தடவை 67. படித்தது அதே பாடம்தான், விடையில் எது முதலில் வரவேண்டும் என்ற வரிசை மட்டும்தான் மாறியது. வினாத்தாள் அமைப்பு உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

15 மார்க் கேள்வி எந்த வேஷத்தில் வந்தாலும் கேட்பது ஒன்றைத்தான்: ஓரிடத்தில் உருவான கோட்பாடு வேறிடத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? மக்கள் தொடர்பு எப்படியெல்லாம் நடக்கிறது என்று க்ரூனிக்கும் ஹன்ட்டும் 1984இல் தந்த நான்கு மாதிரிகள் அமெரிக்க அனுபவத்தில் விளைந்தவை. சிறந்த மக்கள் தொடர்பு எது என்று தேடிய எக்ஸலன்ஸ் ஆய்வு அமெரிக்கா, கனடா, பிரிட்டனோடு நின்றுவிட்டது. 1996இல் வெர்சிச்சும் க்ரூனிக் தம்பதியும் ஸ்லோவேனியாவை வைத்துப் பார்த்துவிட்டு, பொதுக் கோட்பாடுகள் எங்கும் பொருந்தும், செயல்படுத்தும் விதம்தான் இடத்துக்கு இடம் மாறும் என்றார்கள். மாற்றுபவை ஐந்து: அரசியல், பொருளாதாரம், போராட்ட இயக்கங்களின் பலம், பண்பாடு, ஊடகம். இந்த முன்கதைக்கு ஆறு வரி போதும். இரண்டு பக்கம் எழுதுபவர்களுக்கு எடுத்துக்காட்டு எழுத நேரம் இருக்காது.

ஐந்தில் பண்பாட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். திருத்துபவர் கையிலிருக்கும் விடைத்தாள்களில் பாதிக்கு மேல், நாடுகளின் பண்பாட்டுக்கு எண் போட்ட ஹாஃப்ஸ்டெடில்தான் தொடங்கும். அதிகார இடைவெளி, அதாவது மேல்-கீழ் வேறுபாட்டைச் சமூகம் எவ்வளவு ஏற்கிறது என்ற அளவு, இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40. சரி, அந்த 77ஐ வைத்துக்கொண்டு ஒரு பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) நாளைக் காலையில் என்ன செய்வார்? பதில் இல்லாததால் "ஆகவே பண்பாட்டை மதிக்க வேண்டும்" என்று விடை முடிந்துபோகும். போன தடவை நான் போட்டது அதே முடிவுதான்.

ஊடகத்தில் தொடங்கினால் கை தானாக ஓடும். ஆய்வாளர்கள் ஸ்ரீரமேஷும் வெர்சிச்சும் கொடுத்த மூன்று கேள்விகள் போதும். கட்டுப்பாடு: ஒரு செய்தியை நிறுத்த யாரால் முடியும்? வீச்சு: செய்தி எந்த மொழியில், யார் வரை போகிறது? நுழைவு: எதிர்த்தரப்பு ஊடகத்துக்குள் வர முடியுமா? ஜப்பான் என்றால் மூன்றாவது கேள்விக்கு கிஷா கிளப் வந்தாகவேண்டும். அமைச்சகங்களையும் பெரிய அமைப்புகளையும் ஒட்டி இயங்கும் நிருபர் மன்றம் அது. வெளியாள் நேராக உள்ளே போய்விட முடியாது. அமெரிக்கப் பாணியில் பொத்தாம்பொதுவாகச் செய்திக்குறிப்பு அனுப்பினால் ஏன் எடுபடாது என்பதற்கு இதுவே காரணம்.

2015 மேகி நூடுல்ஸ் தடையை எடுத்து முழுசாகப் போட்டுப் பார்ப்போம். உத்தரப்பிரதேசம் பாராபங்கியில் எடுத்த சாம்பிளில் ஈயம் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) என்று ஆய்வறிக்கை வந்தது. அனுமதி 2.5 வரைதான். 'எங்கள் சோதனையில் அளவு வரம்புக்குள்தான்' என்று தயாரிப்பு நிறுவனமான நெஸ்லே சொல்லிக்கொண்டே இருந்தது. க்ரூனிக்-ஹன்ட்டின் நான்கில் இது எது என்று பெயர் எழுதுங்கள்: பொதுத்தகவல் மாதிரி. சரியான எண்ணைச் சொன்னால் போதும் என்ற நம்பிக்கை அதன் அடித்தளம். எங்கே பிசகியது? ஊடகம்: ஒரே நேரத்தில் பல மொழிச் சேனல்கள், நாள் முழுக்க விவாதம். ஆய்வக எண்ணுக்கு அங்கே இடமில்லை. அரசியல்: உணவுப் பாதுகாப்புச் சட்டம் மத்தியச் சட்டம், களத்தில் அமல்படுத்துவது மாநிலத் துறைகள். ஆகவே டெல்லியோடு மட்டும் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. 2015 ஜூன் 5 அன்று மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் உத்தரவு வருவதற்குள் டெல்லி, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் தடை போட்டுவிட்டன. இப்போதுதான் பண்பாடு: நெஸ்லேயின் உலகத் தலைமைச் செயல் அதிகாரி அன்றைக்கு டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தார். அதிகார இடைவெளி கூடிய சமூகத்தில் மேலே இருப்பவரின் முகமே பாதிச் செய்தி. அந்த 77 இங்கேதான் வேலை செய்கிறது. முகம் வரும்போது கடையில் சரக்கு இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆகஸ்ட் 13இல் மும்பை உயர் நீதிமன்றம், இயற்கை நீதி பின்பற்றப்படவில்லை, ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று தடையை நீக்கி, மூன்று ஆய்வகங்களில் மறுசோதனைக்கு உத்தரவிட்டது. நவம்பரில் மறுபடி விற்பனை.

போராட்ட இயக்கம் பற்றிய கேள்விக்குப் பிளாச்சிமடையை விட நல்ல இடம் கிடைக்காது, பாலக்காடு நமக்குப் பக்கமும்கூட. கோகோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தலைமையகத்தின் 'முக்கியத் தரப்பினர்' பட்டியலில் ஒரு கிராமப் பஞ்சாயத்து எத்தனாவது இடத்தில் இருந்திருக்கும்? விடையில் இதைக் கேள்வியாகவே வைக்கலாம்.

தனிநபர் செல்வாக்கு மாதிரி பற்றித் தனிக் குறிப்பு, ஏனென்றால் தப்பு நடப்பது இங்கேதான் அதிகம். அதிகாரிகள், நிருபர்கள் போன்றவர்களோடு தனிப்பட்ட உறவு வளர்த்து, அதை வைத்துக் காரியம் முடிப்பதுதான் இது. தென்னிந்தியாவில் ஸ்ரீரமேஷ் செய்த ஆய்விலிருந்து வந்தது. 1995 கட்டுரையில் இந்தியா, கிரீஸ், தைவான் மூன்றும் சேர்ந்தன. இதை லஞ்சம் என்று எழுதினால் போச்சு. 'வளராத நாட்டுப் பழக்கம்' என்று எழுதினாலும் போச்சு, வாஷிங்டன் லாபியிஸ்டுகள் செய்வது வேறென்ன? எழுதவேண்டிய குறை இது: உறவு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஆளின் பெயரில் இருக்கிறது. அதிகாரி டிரான்ஸ்ஃபர் ஆனாலோ பி.ஆர்.ஓ. வேலையை விட்டாலோ மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். தைவானுக்கு ஆய்வாளர் ஹுவாங்கைச் சேருங்கள்: உறவை அளக்க, நம்பிக்கை, பரஸ்பரக் கட்டுப்பாடு, திருப்தி, ஈடுபாடு என்ற நான்கோடு 'முகமும் நன்றிக்கடனும்' என்று ஐந்தாவது அளவை வைத்தவர்.

'மன்னிப்பு கேட்டார்கள்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். யார், எந்த மண்ணில், சட்டப்படி என்ன விளைவு என்ற மூன்றும் வேண்டும். 2010 பிப்ரவரி 5இல் கார்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்தில் டொயோட்டா நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா நகோயாவில் மன்னிப்பு கேட்டுக் குனிந்தபோது, எவ்வளவு குனிந்தார் என்பதே செய்தியானது. 24ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னதோ, பின்னால் வழக்குகளில் திரும்பி வரக்கூடிய சொல். ஆள் ஒருவர், வருத்தமும் ஒன்று, எடை வேறு.

நேரம் (15 மார்க், 27 நிமிடம்):
- 4: கடைசிப் பக்கத்தில் ஐந்து கூறுக்கும் ஒவ்வொரு வரி
- 3: கோட்பாடு
- 12: எடுத்துக்காட்டு
- 5: மறுப்பு
- 3: பெயர், ஆண்டு சரிபார்க்க

மறுப்புக்கு, அதாவது கோட்பாட்டின் குறையைச் சொல்ல, கையில் இருக்கவேண்டியவை: தன் பண்பாட்டையே அளவுகோலாக வைக்கும் தன்னினமையப் பார்வை பற்றி போட்டன் (1992). சமச்சீர் (இரு தரப்பும் விட்டுக்கொடுப்பது), சமச்சீரற்ற (எதிர்த்தரப்பை மட்டும் மாற்றப் பார்ப்பது) என்ற இரட்டைப் பிரிவே தென்னாப்பிரிக்காவில் நிற்கவில்லை என்ற ஹோல்ட்ஸ்ஹவுசன் குழு (2003). ஹாஃப்ஸ்டெடின் தரவு 1967-73இல் ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்தது. 'ஆசியப் பண்பாடு' என்ற சொல் பேனாவில் வந்தால் அடித்துவிடுங்கள். ஹாஃப்ஸ்டெடின் இன்னொரு அளவான நிச்சயமின்மை தவிர்ப்பில் (தெளிவில்லாத நிலையைச் சமூகம் எவ்வளவு தவிர்க்கப் பார்க்கிறது) ஜப்பான் 92, சிங்கப்பூர் 8.

மேகியை எல்லோரும் எழுதுவார்கள், திருத்துபவருக்கு அலுத்துவிடும். மாற்றாக இத்தாலிய ஃபேஷன் நிறுவனம் டோல்சே கபானா, 2018 நவம்பர். சீனப் பெண் சாப்ஸ்டிக்கால் பீட்ஸா சாப்பிடத் திணறும் விளம்பரம், பிறகு நிறுவனர் ஒருவரின் கணக்கிலிருந்து சீனாவை இழிவுபடுத்திய இன்ஸ்டாகிராம் உரையாடல் கசிவு. 21ஆம் தேதி ஷாங்காய் நிகழ்ச்சி ரத்து, 23ஆம் தேதி நிறுவனர்கள் இருவரும் சீன மொழியில் மன்னிப்புச் சொல்லி முடித்த வீடியோ. இதிலும் ஊடகத்தில் தொடங்குங்கள்: சீனாவில் இன்ஸ்டாகிராமுக்குத் தடை, ஆனாலும் ஸ்க்ரீன்ஷாட் சில மணி நேரத்தில் சீனச் சமூக ஊடகமான வெய்போவுக்கு வந்துவிட்டது. கட்டுப்பாடும் வீச்சும் தனித்தனிக் கேள்விகளாக இருப்பது ஏன் என்பதை இதை வைத்தே எழுதிவிடலாம்.