மூன்று துறைமுகங்களின் கரை: தூத்துக்குடியும் சுற்றுவட்டாரமும்

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர், தூத்துக்குடியில் ஒரு காபி குடித்துவிட்டு நேரே திருச்செந்தூருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். முருகனைக் காணும் ஆவல் இயல்பானதுதான். ஆனால் இடையிலுள்ள சுமார் 40 கிலோமீட்டரில் பாண்டிய நாட்டின் ஈராயிரம் ஆண்டுக் கடல் வணிக வரலாறு சாலைக்கு இருபுறமும் பரவிக் கிடக்க, அதைத் திரும்பியும் பாராமல் போய்விடுகிறார்களே என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்தக் கரையைப் புரிந்துகொள்ளத் தாமிரபரணியிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனதால், சங்க காலத்தில் முத்துக்குப் பேர்பெற்ற கொற்கைத் துறை தூர்ந்தது. அதன்பின் காயல் தலையெடுத்தது. காயலும் மங்கிய பிறகுதான் தூத்துக்குடி எழுந்தது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பயணம் செய்தால், தனித்தனியாகத் தோன்றும் ஊர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

நகருக்குள் முதலில் பார்க்க வேண்டியது பனிமய மாதா பேராலயம். 1713-இல் அர்ச்சிக்கப்பட்ட இந்த ஆலயம் 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடைபெறும் பெருவிழாவுக்கு மதம் பாராமல் ஊரே திரளும். தங்கத் தேர் சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே ஓடும் என்பதால், அதற்காகவே வருகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. அருகிலுள்ள கடற்கரையில் நின்று பார்க்கும்போது, 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனாரை நினைக்காமல் இருக்க முடியாது. இன்று துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த ஓட்டப்பிடாரத்தில் நினைவு இல்லம் உள்ளது. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே முற்பகலில் பார்த்துவிடலாம்.

நகரை விட்டுத் தெற்கே நகர்ந்தால் உப்பளங்கள். வெயில் ஏறுவதற்கு முன், பாத்திகளில் தேங்கிய நீரின் மேல் உப்பு ஆடைபோலப் படிந்திருப்பதையும், அதை வாரி வரப்போரம் குவிக்கும் பெண்களையும் சாலையிலிருந்தே காணலாம். உப்புப் படியும் கோடைக் காலமே இதற்கு ஏற்றது; மழை தொடங்கிவிட்டால் வெறும் நீர்ப்பரப்புதான் மிஞ்சும். அங்கே உழைப்பவர்களை அனுமதி கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொற்கைக்குப் போகிறவர்கள் கோட்டையையோ கோபுரத்தையோ எதிர்பார்த்துப் போகக் கூடாது. வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்த சிற்றூர் அது. ஒரு குளம், வெற்றிவேல் செழிய நங்கை கோயில், மிகத் தொன்மையானது என்று ஊரார் போற்றும் ஒரு வன்னி மரம், இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கிரேக்கப் பயணக் குறிப்புகளில் 'கொல்கோய்' என்று குறிக்கப்பட்ட துறைமுகம் இதுதான். 1968-இலும் பின்னர் 2021-இலும் இங்கே அகழாய்வு நடந்தது. சங்குகளும் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. கடல் கண்ணுக்கே தெரியாத ஓர் இடத்தில், காலுக்கடியில் கடலின் பொருள்கள் புதைந்திருக்கின்றன என்ற உணர்வு வேறெங்கும் எனக்கு இப்படி வாய்த்ததில்லை. இங்கே ஒரு நல்ல விளக்கப் பலகையாவது வைக்க வேண்டும் என்பது என் உளமார்ந்த விருப்பம்.

பழையகாயலும் புன்னைக்காயலும் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியவை. மார்க்கோ போலோ எழுதிய காயல் இந்தப் பகுதிதான். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலைத் தந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து பணியாற்றிய ஊர் புன்னைக்காயல். தமிழ் அச்சு வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கு அந்த மீனவ ஊரின் தெருக்களில் நடப்பதே போதுமான நிறைவைத் தரும்.

திருச்செந்தூரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் நீராடி, நாழிக்கிணற்றில் குளித்து, பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியை வாங்கிக்கொண்டு புறப்படலாம். விசேஷ நாள்களையும் வார இறுதியையும் தவிர்த்தால் தரிசனம் நிம்மதியாக அமையும்.

இங்கிருந்து தெற்கே மணப்பாடு வரை போகாமல் திரும்புவது பெரும் இழப்பு. கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். ஒருபுறம் அலையடிக்கும் கடல், மறுபுறம் அசைவற்ற உப்பங்கழி. குன்றின் கடலோரச் சரிவில், 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகை இருக்கிறது. அதனுள் உள்ள சிறு கிணற்று நீர், உப்புக் கடல் சில அடி தூரத்தில் இருந்தும் குடிக்கத் தக்கதாகவே ஊறுகிறது. கீழே ஊருக்குள் நடந்தால், இலங்கை வணிகத்தில் செழித்த பரதவர் குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகளையும் அவற்றின் அகன்ற திண்ணைகளையும் காணலாம். பல பூட்டிக் கிடக்கின்றன. இந்தத் தெருக்களைப் பாதுகாக்க இப்போதே ஏற்பாடு செய்யாவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் படங்கள்தான் மிஞ்சும். ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளை அங்கேயே வாங்குங்கள். திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டியும், தூத்துக்குடியில் முந்திரியும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் செய்யும் மக்ரூனும் வாங்கிக்கொள்ளலாம். மக்ரூன் எளிதில் நொறுங்கும், பையில் மேலாக வைக்க வேண்டும்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் ஆதிச்சநல்லூருக்குக் கொடுங்கள். 1876-இலேயே அறியப்பட்ட அந்த இடுகாட்டில், 2023 முதல் அகழாய்வுக் குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, முதுமக்கள் தாழிகளைக் கிடந்த நிலையிலேயே காணும்படி அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். தாமிரபரணிக் கரையோரமாகத் திருவைகுண்டம் உள்ளிட்ட நவதிருப்பதிகள் எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களும் இதே பாதையில் இருப்பதால், காலையில் கோயில்களையும் பிற்பகலில் ஆதிச்சநல்லூரையும் வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.