அடி விழும் கணத்தைக் காட்டுங்கள்

சூப்பர்ஹீரோ படங்களில் என்னை மிகவும் வருத்துவது, சண்டைக் கலைஞர்களும் நடிகர்களும் பல வாரங்கள் பயின்று உருவாக்கிய அசைவுகள், படத்தொகுப்பில் அரை நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, யார் யாரை அடித்தார் என்பதே விளங்காமல் போவதுதான். 2005இல் வெளியான 'பேட்மேன் பிகின்ஸ்' படத்திற்காக, முழங்கையை முதன்மையாகக் கொண்ட கெய்சி என்னும் தற்காப்பு முறையை, பேட்மேனாக நடித்த கிறிஸ்டியன் பேல் கற்றுக்கொண்டார். ஆனால் கேமரா அவ்வளவு நெருங்கி நிற்பதால் அந்த முறையின் தனித்தன்மை திரையில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. துறைமுகத்தில் நடக்கும் முதல் தாக்குதலுக்கு அந்தக் குழப்பம் பொருந்துகிறது, ஏனெனில் அங்கே நாம் அடியாட்களின் அச்சத்தோடு பார்க்கிறோம். மற்ற சண்டைகளுக்கும் அதையே கையாண்டதை என்னால் ஏற்க இயலவில்லை.

2021இல் வந்த 'ஷாங்-சி' படத்தின் பேருந்துச் சண்டையை இதனோடு வைத்துப் பாருங்கள். ஜாக்கி சானின் சண்டைக் குழுவில் வளர்ந்த பிராட் ஆலன் (படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் காலமானது பேரிழப்பு) அப்படத்தின் சண்டைகளை மேற்பார்வையிட்டார். பேருந்தின் கம்பிகளும் இருக்கைகளும் சண்டையின் உறுப்புகளாகின்றன. உடல் முழுவதும் தெரியும் தொலைவில் கேமரா பெரும்பாலும் நிற்கிறது. ஹாங்காங் சண்டைப் பட மரபில், அடி விழும் கணத்தில் ஷாட்டை வெட்டி, அடுத்த ஷாட்டை அந்தக் கணத்திற்குச் சில ஃபிரேம்கள் (படச்சட்டங்கள்) முன்னதாகத் தொடங்குவார்கள். அதே அடி இருமுறை காட்டப்பட்டாலும், கண் அதை ஒரே அடியாக, இன்னும் வலுவானதாக உணர்கிறது. ஹாலிவுட் படத்தொகுப்பாளர்கள் இந்த நுட்பத்தைக் கற்க வேண்டும், படத்தொகுப்பு அறையில் சண்டை இயக்குநருக்கும் ஓர் இருக்கை தர வேண்டும்.