மூடுவதற்கு முன்னால் ஒரு படம்: கோவில்பட்டி கரிசலில் வீடு கட்டிய அனுபவம்

வீடு கட்டப்போகிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது சதுர அடி என்ன ரேட்டு என்றுதான். கோவில்பட்டிப் பக்கம் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மனை செவலா, கரிசலா? எங்களுடையது சுத்தமான கரிசல். மனை பிரிப்பதற்கு முன்பு அங்கே மக்காச்சோளமும் உளுந்தும் போட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசியில் மழை இறங்கியதும் அதே மண் உப்பிக்கொண்டு, செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் பழைய தெருக்களில் நடந்தால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறும் விரிசலைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்த விரிசலுக்கு எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அடுத்த கோடையில் திரும்ப வந்துவிடும்.

நான் இருப்பது சென்னையில். அப்பாவும் அம்மாவும் ஊரில். வேலை நடந்த காலம் முழுக்க அப்பா சைட்டில் நின்றார், நான் போனில் இருந்தேன். முக்கியமான கட்டங்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவேன். ஆரம்பத்திலேயே நாங்கள் இருவரும் ஒன்றைப் பேசி வைத்துக்கொண்டோம். எதெல்லாம் மூடப்படப் போகிறதோ, அதையெல்லாம் மூடுவதற்கு முன்னால் டேப் வைத்து அளந்து படம் எடுத்துவிட வேண்டும். அஸ்திவாரத்தை மண் மூடும், கம்பியை கான்கிரீட் மூடும், பைப்பைப் பூச்சு மூடும். பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். இவற்றை மாற்ற முடியாது.

பிளான் போடும் முன்பே இன்ஜினியர் மண் பரிசோதனை கேட்டார். "மண்ணப் பாக்காம நான் கோடு போட மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பரிசோதனையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காய்ந்த கரிசலைப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் போட்டார்கள். ஒன்றில் 100 மில்லி கோடு வரை தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு 24 மணி நேரம் விட வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தால், மண்ணெண்ணெயில் போட்ட மண் அடியில் அப்படியே படிந்திருந்தது. தண்ணீரில் போட்டது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்துக்கு உப்பியிருந்தது. கரிசலில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது தன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மண்ணெண்ணெயை இழுக்காது. அப்பா அந்த இரண்டு குழாயையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அஸ்திவாரச் செலவைப் பற்றி வீட்டில் யாரும் வாக்குவாதம் செய்யவில்லை.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. கரிசல் முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டு, சரள் போட்டு இறுக்கி, அதன் மேல் பூட்டிங் (பில்லருக்கு அடியில் வரும் அகலமான கான்கிரீட் பாதம்) வைக்கலாம். கரிசல் ஆழம் குறைவாக இருந்தால் இது போதும். எங்கள் மனையில் ஆழம் அதிகம். அதனால் அண்டர் ரீம் பைல் என்று முடிவானது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுவது மேலே இருக்கிற மூன்று, மூன்றரை மீட்டர் வரைதான். அதற்குக் கீழே மண் பெரிதாக அசையாது. பில்லருக்கு ஒரு துளை வீதம் அந்த ஆழம் தாண்டி இறக்கி, அடிப்பக்கத்தில் ஒரு வெட்டும் கருவியை விட்டுச் சுற்றிக் குடைந்து, துளையின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ் மாதிரி விரிப்பார்கள். கம்பிக்கூட்டை இறக்கி கான்கிரீட் போட்டதும் அந்தக் குமிழ் நங்கூரமாக நிற்கும். மேல்மண் உப்பினாலும் பில்லரைத் தூக்க முடியாது. ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்தியக் கரிசலுக்காகவே வளர்த்தெடுத்த முறை இது. எங்கள் மண்ணுக்காக யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அனுமதி வேலை நினைத்ததைவிட எளிதாக முடிந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு, மனைக்காரரே விவரங்களுக்கு உறுதி கொடுக்கும் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. எங்கள் வீடு அதற்குள் அடங்கியது. பட்டா, பத்திரம், வரைபடம் எல்லாம் சரியாக இருந்தால் ஆன்லைனிலேயே கட்டணம் கட்டி வாங்கிவிடலாம். பூமி பூஜைக்கு அம்மா வாஸ்து நாளான தை 12-ஐச் சொன்னார். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நான்கிலும் வாஸ்து நாளே கிடையாது. மற்றவற்றில் தை எங்களுக்கு இன்னொரு வகையிலும் தோதாக இருந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், பைல் துளையில் தண்ணீர் நிற்காது, அடுத்த மழைக்குள் கூரை ஏறிவிடும்.

துளை போட்ட நாட்களில் அப்பா செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். தூக்குக்குண்டை ஒரு கயிற்றில் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு துளையிலும் கம்பி இறக்கும் முன் அதை விட்டு ஆழம் பார்த்து, கயிற்றோடு சேர்த்துப் படம் அனுப்புவார். முந்தின நாள் சாயங்காலம் சரியாக இருந்த ஒரு துளை, காலையில் முக்கால் அடி குறைந்திருந்தது. இரவில் பக்கவாட்டு மண் சரிந்து அடியில் விழுந்திருக்கிறது. அதன் மேலேயே கான்கிரீட் கொட்டியிருந்தால் பைல் தளர்மண்ணில் உட்கார்ந்திருக்கும். மெஷின்காரர் முகம் சுளிக்காமல் திரும்ப இறக்கிச் சுத்தம் செய்துகொடுத்தார். அதன் பிறகு, குடைந்த அன்றைக்கே கான்கிரீட் என்று மாற்றிக்கொண்டோம்.

பைல் தலைகளை இணைக்கும் பீமைத் தரையில் உட்கார வைக்கவில்லை. அடியில் மூன்று அங்குலம் போல இடைவெளி விட்டோம். மண் உப்பும்போது பீமை முட்டாமல் இருப்பதற்கு அந்த வெற்றிடம் வேண்டும். மேஸ்திரிக்கு இது பிடிக்கவே இல்லை. "பீமுக்கு அடியில காத்தா வச்சுக் கட்டுவாக?" என்று கேட்டார். இன்ஜினியர் மண்வெட்டிக் காம்பால் தரையில் படம் போட்டு விளக்கினார். ஒத்துக்கொண்ட பிறகு அந்த இடைவெளியை அவரைப்போல அக்கறையாகக் காப்பாற்றியவர் யாரும் இல்லை. சித்தாள்கள் உள்ளே கல் தள்ளிவிட்டால் அவரே குனிந்து எடுப்பார்.

பேஸ்மட்டத்துக்கு உள்ளே நிரப்பும் மண்ணிலும் ஒரு பிரச்சினை வந்தது. தோண்டிய கரிசலைத் திரும்ப உள்ளேயே தள்ளிவிட்டால் லாரி வாடகை மிச்சம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அஸ்திவாரம் எவ்வளவு பலமாக இருந்தாலும், சில மழைக்குப் பிறகு டைல்ஸ் மேலெழும்பி உடைவது இதனால்தான். நாங்கள் கரிசலை வெளியே அனுப்பிவிட்டு சரள் அடித்தோம். அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டார்கள். ஒவ்வொரு அடுக்கும் படமாக என் போனில் இருக்கிறது.

பணம் புரட்டிய கதையை நீட்ட விரும்பவில்லை. ஒன்று மட்டும்: வீட்டுக்கடனை வங்கி கட்டம் கட்டமாகத்தான் தரும். வேலை முடிந்து, அவர்களுடைய ஆள் வந்து பார்த்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான பணம் வரும். எனவே ஒரு கட்டத்துக்கான பணம் எப்போதும் நம் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். பைலுக்குக் கூடுதலாக ஆன செலவை ஈடுகட்ட அம்மா தேக்கை விட்டுக்கொடுத்தார். தலைவாசல் நிலையும் கதவும் மட்டும் தேக்கு, மற்றதெல்லாம் வேம்பு.

தண்ணீர் எங்கள் ஊரின் பழைய கவலை. மனையில் போட்ட போரில் தண்ணீர் வந்தது, ஆனால் உப்பு. பரிசோதித்தால், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்ற வரம்பை அது தாண்டியிருந்தது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். கலவைக்கும், போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்து நீராற்றுவதற்கும் டேங்கர் தண்ணீர் வாங்கினோம். கையைக் கடித்த செலவுதான். ஆனாலும் அந்தப் போர் தண்ணீரை ஒரு வாளிகூடக் கலவைக்கு விடவில்லை.

ரூப் கான்கிரீட் ஆனி மாதத்தில் வந்தது. கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மாதங்களில் எங்கள் பக்கம் காற்று எப்படி வீசும் என்று. போட்ட கான்கிரீட்டின் மேற்பரப்பை அந்தக் காற்று ஒரு மணி நேரத்தில் உலர்த்தி, மயிரிழை வெடிப்பு விட வைத்துவிடும். ஆகவே விடியும்போதே மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தின மாலை நானும் இன்ஜினியரும் மேலே ஏறிக் கம்பி பார்த்தோம். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதில் அங்கங்கே ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, இது நழுவிருமே?"

"நாங்க எப்பவும் ஜல்லியத்தாம்மா வைக்கோம்."

"ஆள் மிதிச்சா கல்லு நகரும், கம்பி பலகையில உட்காரும். அப்புறம் கீழ சிமென்டே இருக்காது."

மேஸ்திரி ஒரு கம்பியின் மேல் ஏறி நின்று பார்த்தார். கல் தெறித்தது. பேச்சில்லாமல் ஆளை அனுப்பி கவர் பிளாக் எடுத்துவரச் சொன்னார். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25. இருட்டும் வரை எல்லோரும் சேர்ந்து மாற்றினோம். மறுநாள் வேலை முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி. மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம்.

மேலே கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். தரைத்தளப் பில்லர்களுக்கு நனைத்த சணல் சாக்கு சுற்றினோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்கிறது. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாளுக்குக் குறையக் கூடாது, சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட் என்றால் 14 நாள் வரை நீட்டினால் நல்லது என்கிறது. நாங்கள் 14 வைத்துக்கொண்டோம். அப்பா காலையும் மாலையும் மாடியிலிருந்து வீடியோ அனுப்புவார். பாத்தியில் நிற்கும் தண்ணீரில் அவர் நிழல் தெரியும். அலுவலகத்தில் எத்தனை கூட்டம் இருந்தாலும் அதைத் திறந்து பார்த்துவிடுவேன்.

மேல்தளக் குளியலறையில் கசிவுச் சோதனை செய்யாமல் மூடக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிறேன். பைப் ஓடுவதற்காகத் தளத்தைத் தாழ்த்தி விட்ட பள்ளத்தில் நீர்க்காப்புப் பூச்சு அடித்த பிறகு, பைப் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டினோம். மறுநாள் காலையிலேயே கீழறைக் கூரையில் தட்டு அளவுக்கு ஈரம். பைப் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் சரியாக அடைக்கவில்லை. பிளம்பர் பூச்சு உலர்ந்தால் சரியாகிவிடும் என்றார். நாங்கள் விடவில்லை. கொத்தி எடுத்து, சுருங்காத சிமென்ட் கலவை ஊற்றி, திரும்பப் பூச்சு அடித்து, திரும்பவும் இரண்டு நாள் தண்ணீர். இந்த முறை கீழே காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் பள்ளத்தை நிரப்ப விட்டோம்.

சுவரில் காடி வெட்டி கரண்ட் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப் பிடித்துப் படம் எடுத்தோம். குடியேறிய பிறகு கீசர் மாட்ட வந்தவர் துளைக்கப் போன இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி வயர் ஓடுவது படத்தில் தெரிந்தது. டைல்ஸ், பெயின்ட், கிரில் எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுபோல நடந்தது. தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்புக்கு மின் கட்டணம் அதிகம்.

கரிசலில் வீடு கட்டியவர்கள் கிரகப்பிரவேசத்தோடு நின்றுவிட முடியாது. வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாக கான்கிரீட் நடைபாதை போட்டோம், மழைத் தண்ணீர் சுவரோரம் இறங்காமல் இருக்க. மழைநீர் சேகரிப்புக் குழியையும் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். அம்மா சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வேம்பு வேண்டும் என்றார். மரம் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சினால் அந்தப் பக்க மண் மட்டும் சுருங்கும். கடைசியில் வேம்பு மனையின் தென்மேற்கு மூலைக்குப் போனது, ஜன்னலுக்குக் கீழே தொட்டியில் கறிவேப்பிலை வந்தது.

ஒரு மழையும் ஒரு கோடையும் கடந்துவிட்டன. பைல் இல்லாமல் தனியாகக் கட்டிய காம்பவுண்டுச் சுவரில் ஒரு வெடிப்பு வந்திருக்கிறது. வீட்டுச் சுவரில் இதுவரை இல்லை. எதிர்மனைக்காரர்கள் இப்போது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாள் பார்க்கிறார்கள். அப்பா அவர்களுக்கு எங்கள் படங்களைக் காட்டிவிட்டு, அவர்கள் மனை மண்ணில் ஒரு பிடி எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளரையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் தேடிக்கொண்டிருக்கிறார்.