உருத்திரபுரத்தில் எங்கள் காணி

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் தெற்கே வந்தால் ஆனையிறவு, பரந்தன் தாண்டி, கிளிநொச்சி நகருக்குச் சற்று முன்னால் கரடிப்போக்குச் சந்தி வரும். அதில் மேற்கே திரும்பினால் உருத்திரபுரம். ஐம்பதுகளில் எங்கள் அப்பப்பா வந்து குடியேறிய ஊர். அவரைப் பற்றி வீட்டில் எப்போதும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "காடு வெட்டிக் கழனியாக்கினவர்." அதற்கு மேல் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

அவர் பிறந்தது புன்னாலைக்கட்டுவனில். நல்ல செம்மண், புகையிலை செழித்து வரும். ஆனால் அவர் பங்குக்கு வந்தது சில பரப்புக் காணிதான். பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். துலா மிதித்து இறைத்து, அடுத்தவர் தோட்டத்திலும் கூலிக்கு நின்று, அதில் குடும்பம் நடத்த வேண்டும். இந்த நிலையில் இருந்தவர்களுக்கு வேறு வழி காட்டத்தான் 1936-இல் கிளிநொச்சிக் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய வருஷம் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி முடிக்குரிய காணிகளை அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தார்கள். எங்கள் சனம் அதைப் 'பேமிற் காணி' என்கிறது. காணிக் கச்சேரி என்று ஒரு விசாரணை வைத்து ஆட்களைத் தெரிவு செய்வார்கள். எத்தனை பிள்ளைகள், சொந்தக் காணி உண்டா, வயல்வேலை தெரியுமா என்று விசாரிப்பார்கள். அப்பப்பாவுக்குக் கிடைத்தது மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும். மொத்தம் 80 பரப்பு! அன்று புன்னாலைக்கட்டுவனில் அதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

முதலில் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனேன். கனகராயன் ஆற்றை மறித்து 1902-இல் தொடங்கிய வேலை முடிய ஏறத்தாழ இருபது வருஷம் பிடித்திருக்கிறது. இன்று 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோயில். குளம் இருந்தும் இந்தப் பக்கம் வர ஆட்கள் தயங்கியதற்குப் பெரிய காரணம் மலேரியா. 1946-இல் டி.டி.டி. என்ற நுளம்பு மருந்து தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிவரும் துணிவு பலருக்கு வந்தது. அப்பப்பாவும் முதலில் தனியாகத்தான் வந்தார். ஒரு போகம் பார்த்துவிட்டுத்தான் அப்பாச்சியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிவந்தார்.

சரி, காணிக்கு வருகிறேன். அங்கே இன்றும் வயல் செய்பவர் மாமி, அப்பாவின் தங்கை. நான் போனபோது வரம்பில் நின்று புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தார். அப்பப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"காட்டை ஐயா வெட்டினவர்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிள்ளை, வயலாக்கினது அம்மா" என்றார்.

பெரிய மரங்கள் விழுந்த பிறகும் பாலை, முதிரை, வீரை என்று அடிக்கட்டைகள் மண்ணுக்குள் கிடந்தன. அவற்றைக் கிளப்புவதில் அப்பப்பாவின் முதுகு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் காவல் கொட்டிலில் இருந்து பன்றியையும் யானையையும் கலைப்பார். உழவுக்கு ஆள் பிடிப்பது, நாற்று, களை, அரிவு, சூடு மிதிப்பு, எல்லாம் அப்பாச்சி. பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளோடு காட்டுக்குள் போய்ப் பழம் பொறுக்கி வருவாராம். முறைத் தண்ணீர் இரவில் வந்தால் அரிக்கன் லாம்போடு வாய்க்காலில் நின்றதும் அவர்தான். பழைய மொட்டைக்கறுப்பன் நெல்லை விட்டுப் புதிய எச்-4 நெல்லுக்கு மாறலாம் என்று துணிந்ததும் அவர்தான். அப்பப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லையாம். அறுவடை முடிந்த பிறகு ஒன்றும் பேசவில்லையாம்.

அப்புறம் மாமி அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றிய பேமிற்றை எடுத்தார். 1996-இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது அது அப்பாச்சியின் மடியில் இருந்தது. அப்பாச்சி போன பிறகு, 2009-இல் முள்ளிவாய்க்கால் வரை மாமி அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனார். செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, வரம்பு எது என்றே தெரியவில்லை. காணி எங்களுடையது என்று சொல்ல இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான்.

அதில் அப்பாச்சியின் பெயர் இல்லை. அப்பப்பாவின் பெயர், கீழே பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணிக்கு உரித்தாகிறவராக, பெரியப்பாவின் பெயர். கரைச்சிப் பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்குப் போய்ப் பேரேட்டைக் கேட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகத் தேடிக் காட்டினார். அதிலும் அப்படித்தான். பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்துபோனால் காணி யாருக்கு என்ற வரிசையிலும் மகளுக்கு முன்னால் மகனைத்தான் அந்தக் காணி அபிவிருத்திச் சட்டம் வைத்திருந்தது. 2022-இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை எத்தனை மகள்மார் தாங்கள் உழுத வயலில் ஓர் உரித்தும் இல்லாமல் நின்றிருப்பார்கள்! எனக்கு அது ஆறவில்லை.

பெரியப்பா நகரத்தில் இருக்கிறார். அவர் ஒருநாளும் மாமியை எழும்பச் சொன்னதில்லை, நல்ல மனுஷன். ஆனாலும் நல்ல மனத்தை நம்பி ஒரு குடும்பம் வயல் செய்வது சரியில்லை என்று அவரிடமே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மா இருந்திருந்தா எப்பவோ செய்விச்சிருப்பா" என்றார்.

அடுத்த நாள் இரணைமடுவில் சிறுபோகக் கூட்டம், கோடை நெற்செய்கைக்கானது. குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு இந்தமுறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள். மாமிக்குப் பதிலாக மகள் போனாள். நானும் கூடப் போனேன். விதைப்புத் திகதியில் தொடங்கிக் கட்டாக்காலி மாடு வரை சண்டை பிடித்து, மத்தியானம் தாண்டித்தான் முடிந்தது. அங்கிருந்து நேரே பிரதேச செயலகத்துக்குப் போனோம். பெரியப்பா அடையாள அட்டையோடு வாசலில் நின்றார். பின்னுரித்தாளர் நியமன விண்ணப்பத்தில் மாமியின் மகளுடைய பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார்.