இரண்டு மணித்தியாலச் சனிக்கிழமைகள்

ஜனவரி 11, சனி

தேவாலய மண்டபம். 10 முதல் 12 வரை. பிரிந்த பிறகு மகளை நான் பார்ப்பது இங்கேதான், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அவளுடைய தாய் பக்கவாசலில் கொண்டுவந்து விட, தொண்டர் ஒருவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். இன்னும் நான்கு அப்பாமார் அதே அறையில். எல்லோரும் தரையில் உட்கார்ந்து மர ரயிலுக்குத் தண்டவாளம் பூட்டிக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பிள்ளைக்குக் கீழ்ப்பல் ஆடுகிறது. இடப்பக்கம், முன்பல். நாக்கால் தள்ளிக் காட்டினாள். "தொடலாம், இழுக்கக்கூடாது." தொட்டேன். அரிசிமணி அளவுதான்.

விழுந்தால் கூரையில் எறிந்துவிட்டு அணிலிடம் புதுப் பல் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இங்கிலாந்து அணிலுக்குத் தமிழ் விளங்குமா என்று கேட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்

ஆடுகிற பல் விழ எத்தனை நாள் எடுக்கும்? இரண்டு கிழமையில் 336 மணித்தியாலம் இருக்கிறது. அதில் எனக்கு 2.

ஜனவரி 19, ஞாயிறு

நண்பர் போனில் கேட்டார், நீதிமன்றத்துக்குள்ளே என்ன நடந்தது, நீதவான்கள் என்ன சொன்னார்கள் என்று. அதை யாருக்கும் சொல்ல மாட்டேன், இங்கேயும் எழுத மாட்டேன். பிள்ளைகளின் வழக்கு மூடிய கதவுக்குள் நடப்பது. அங்கே பேசியதை வெளியில் போட்டால் நீதிமன்ற அவமதிப்பு. பிள்ளையை அடையாளம் காட்டுவதை 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 97ஆம் பிரிவும் தடுக்கிறது. எனக்கு இதில் ஒரு மனக்குறையும் இல்லை. நாளைக்கு அவள் வளர்ந்து தன் பெயரைத் தேடினால் இந்த இரண்டு வருடம் கண்ணில் படக்கூடாது.

ஜனவரி 25, சனி

ஆடுகிறது. விழவில்லை. கடவுளே நன்றி.

ஜனவரி 29, புதன்

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்தா. "வழக்கு வெண்டிட்டியா தம்பி?" என்ன சொல்ல? இங்கே வெல்ல ஒன்றும் இல்லை அம்மா. பிள்ளையை யாருக்குக் 'கொடுப்பது' என்ற பேச்சே இப்போது சட்டத்தில் இல்லை. பிறகு வந்த வதிவிடம், தொடர்பு என்ற சொற்களையும் 2014இல் எடுத்துவிட்டார்கள். இப்போது கேட்பதெல்லாம் பிள்ளை யாருடன் வாழ்வாள், யாருடன் நேரம் செலவிடுவாள் என்பதுதான். அம்மாவுக்கு விளங்கவில்லை. "பிள்ளை உன்ர பிள்ளைதானே, அதுக்கேன் கோர்ட்?" என்றா.

பெற்றோர் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. அவள் பிறக்கும்போது நாங்கள் கல்யாணம் கட்டியிருந்ததால் அது தாய்க்கும் எனக்கும் தானாகவே வந்தது. விவாகரத்தோடு போகாது. எந்தப் பள்ளிக்கூடம், என்ன வைத்தியம் என்பதில் எனக்கும் கேள்வி உண்டு. காகிதத்தில் அப்படி. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் பிள்ளையின் ரிப்போர்ட்டை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்றால், ஒரு பிள்ளைக்கு ஒரு கடிதம்தான் என்கிறார்கள். பிறப்புச் சான்றிதழை வைத்து மறுபடி எழுதியிருக்கிறேன். பொறுப்பு என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதங்களில் நிற்கிறேன். உரிமை என்று போட்டிருந்தால் இவ்வளவு பிடித்திருக்காது.

பெப்ரவரி 3, திங்கள்

இரவு ஒரு மணி. கடதாசிகளுக்குத் துளை போட்டு, பக்க இலக்கம் எழுதி, பைலில் கோத்தேன். வக்கீல் வைக்கக் காசில்லை. வீட்டு வன்முறைக்கு ஆதாரம் உள்ளவர்கள் போன்ற சிலரைத் தவிர, இப்படியான வழக்குகளுக்கு 2013இலிருந்து அரச சட்ட உதவி கிடையாது.

பிள்ளையின் நலனைப் பார்க்க 7 விஷயங்களைச் சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது. முதலாவது அவளுடைய விருப்பமும் உணர்வும், வயதுக்கும் விளக்கத்துக்கும் ஏற்றபடி. ஆறு வயது விளக்கம் எவ்வளவு? ஆடுகிற பல்லைத் தொடலாம், இழுக்கக்கூடாது என்று தெரிந்த பிள்ளை. கஃப்காஸ், அதாவது பிள்ளையின் நலன் பற்றி நீதிமன்றத்துக்குச் சொல்லும் அமைப்பு, அதன் அதிகாரி அவளுடன் கதைப்பார். என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று நான் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. கேள்வி வாய்வரை வரும். விழுங்க வேண்டும்.

பெப்ரவரி 8, சனி

காய்ச்சலாம். வரவில்லை. மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

நேற்று முழுக்க நெஞ்சு கொதித்தது. பொய் என்றே நினைத்தேன். தாய்க்கு ஒரு நீண்ட செய்தி எழுதி, அனுப்பாமல் வைத்திருந்து, விடிய அழித்தேன்.

அவளுக்கு இரண்டு வயதில் ஒருமுறை 39.5 வந்தது. நானும் தாயும் மணித்தியாலத்துக்கு ஒருவராக எழும்பி நெற்றியில் கை வைத்துப் பார்த்தோம். மூன்று மணிக்குச் சூடு இறங்கியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, தாய்க்கு. எனக்கும்தான். அந்த மனிசி காய்ச்சல் என்று பொய் சொல்ல மாட்டாள். எனக்கு அது தெரியும்.

நேற்று எத்தனை பாகை என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். 38.4. இப்போது குறைந்துவிட்டது.

பெப்ரவரி 22, சனி

பல் இல்லை.

சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள், அந்த இடைவெளி முன்னால் தெரிய. புதன்கிழமை இரவு, பாணைக் கடிக்கும்போது விழுந்ததாம். தலையணைக்குக் கீழே வைக்க, பல் தேவதை எடுத்துக்கொண்டு ஒரு பவுண் வைத்ததாம். அந்தக் காசைப் பொக்கற்றிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "பார்த்திட்டுத் தாங்கோ" என்றாள். நல்ல சூடாக இருந்தது. காலை முழுக்கக் கையில் பொத்தி வைத்திருக்கிறாள்.

சந்தோஷம்தான் காட்டினேன். வீட்டுக்கு வந்து நெடுநேரம் சப்பாத்தைக் கழற்றவில்லை.

பெப்ரவரி 26, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து ரிப்போர்ட் வந்தது. எழுத்துக்கூட்டல் நல்லம். கவனம் சிலநேரம் வேறெங்கோ போகிறது. எங்கே போகிறது, பிள்ளை?

மார்ச் 8, சனி

"அடுத்த பல் அணிலுக்கு." நான் கேட்கவே இல்லை. தண்டவாளத்தைப் பூட்டியபடி தானாகச் சொன்னாள்.

மார்ச் 12, புதன்

நாளைக்கு வழக்கு. வக்கீல் இல்லாத எனக்குத் துணையாக அண்ணை வருகிறார். இப்படித் துணைக்கு வருபவரை மெக்கென்ஸி நண்பர் என்று இவர்கள் சொல்வது, 1970இல் நடந்த ஒரு விவாகரத்து வழக்கிலிருந்து வந்த பெயர். பக்கத்தில் இருக்கலாம், குறிப்பு எடுக்கலாம், காதுக்குள் சொல்லலாம். எனக்காக வாய் திறந்து பேச முடியாது. பேசாவிட்டால் என்ன, பக்கத்தில் இருந்தாலே போதும். நித்திரை வராது, தெரியும்.

மார்ச் 13, வியாழன்

கட்டளை கிடைத்தது. வாழ்வது தாயுடன். மண்டபம் முடிந்தது. 22ஆம் தேதியிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு சனி, 10 முதல் 4 வரை, நானே வெளியே கூட்டிப் போகலாம். செப்டம்பரிலிருந்து ஓர் இரவும் தங்கலாம்.

2 இப்போது 6. பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணினேன், சின்னப் பிள்ளை மாதிரி. அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

பூங்காவில் சாம்பல் அணில்தான். முதுகில் மூன்று கோடு இல்லை. சொன்னால் நம்புவாளா?

மார்ச் 21, வெள்ளி

வீடு கூட்டியாயிற்று. மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன், அளவு சரியோ தெரியாது, ஒரு அளவு பெரிதாகவே எடுத்தேன். பில் பையில் இருக்கிறது.

இரவு 9.40க்குத் தாயிடமிருந்து செய்தி: "வலப்பக்கப் பல்லும் ஆடுது. அப்பிள் குடுத்தா வெட்டிக் குடுங்கோ, கடிக்க விடாதேங்கோ."

சரி என்று போட்டேன்.