மிட்வேயில் தண்ணி இல்ல!

ரெண்டாம் உலகப் போரோட திருப்புமுனை எதுன்னு கேட்டா பாதிப்பேர் ஸ்டாலின்கிராட்னுதான் சொல்வாங்க. சரிதான். ஆனா பசிபிக் பக்கம் கதையே மாறினது, அமெரிக்கா கையில இருந்த மிட்வேங்கிற குட்டித் தீவுப் பக்கம் நடந்த சண்டையில.

1942 மே மாசம். ஜப்பான் அடுத்து "ஏஎஃப்"ங்கிற சங்கேதப் பேர் வெச்ச இடத்தைத் தாக்கப்போகுதுன்னு சங்கேதச் செய்திகளை வெச்சு அமெரிக்கக் கடற்படை கண்டுபிடிச்சிடுச்சு. அது எந்த இடம்? மிட்வே தீவுல இருந்து "நல்ல தண்ணி மெஷின் ரிப்பேர்"னு வேணும்னே ஒரு பொய்யை வெளிப்படையா ரேடியோவுல அனுப்ப வெச்சாங்க. சீக்கிரமே ஜப்பான்காரங்க செய்தியில "ஏஎஃப்ல தண்ணித் தட்டுப்பாடு". வசமா மாட்டினாங்க!

ஜூன் 4 காலை முதல்ல போன அமெரிக்க டார்ப்பிடோ விமானங்கள்ல பெரும்பாலானது திரும்பவே இல்ல. போட்ட டார்ப்பிடோ ஒண்ணுகூட எதிரிக் கப்பலைத் தாக்கல. இன்னொரு பக்கம், பெட்ரோல் குறையக் குறைய எதிரியைத் தேடி அலைஞ்ச அமெரிக்க விமானப் படைத் தலைவர் மெக்லஸ்கியோட குண்டுவீச்சு விமானங்கள் கண்ணுல பட்டது அராஷிங்கிற ஒத்தை ஜப்பான் போர்க்கப்பல். அமெரிக்க நீர்மூழ்கியை விரட்டப் போயிட்டு, வேகமா தன் கூட்டத்தைப் பிடிக்க ஓடிக்கிட்டிருந்துச்சு. அது போற திசையிலேயே இவங்களும் போனாங்க. பத்தரை மணிக்குள்ள ஜப்பானோட விமானந்தாங்கிக் கப்பல்கள் அகாகி, காகா, சோர்யு மூணும் பத்தி எரியுது. சாயங்காலம் ஹிர்யுவும்.

இதுல காகா தவிர மத்த மூணும், ரெண்டு மாசம் முன்னாடி கொழும்பு, திருகோணமலை மேல குண்டு போட விமானம் அனுப்பின அதே கப்பல்கள்தான்.